ஆசியாவுக்குப் போகாத லெப்ட் பேக்

ரிக் வண்டி வேலையில் அது எனக்கு மூன்றாவது வருஷம். தண்ணீர் இல்லாத ஊராகப் பார்த்துப் போய் போர்வெல் போடுவதுதான் தொழில். அதனால் தர்மபுரியை விட்டுத் தூரமாக வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கே போனாலும் அதே பாறை, அதே புழுதி. அந்த வருஷம் பீகாரில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி சேற்றில் அச்சு வரை இறங்கி நின்றுவிட்டது. ஒரு மாசம் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் நேராக ஊருக்குப் போகாமல் கல்கத்தாவுக்கு ரயிலேறினேன். அங்கே அவன் இருந்தான்.

அவனும் நானும் ஒரே தெரு. தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவில் ஒரு ஊர். அதில் வேதக்காரத் தெரு என்று கிறிஸ்தவர்களான எங்கள் நாற்பது வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் எட்டோடு நின்றேன், அவன் ஒன்பதோடு நின்றான். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பைவிடக் கால்பந்து ஒழுங்காக நடந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் பழக்கிவிட்டுப் போனது அது. ஏரி வருஷத்தில் பத்து மாசம் வறண்டு கிடக்கும். அதுதான் மைதானம். நான் எந்த இடத்திலும் ஒழுங்காக நிற்க மாட்டேன். அவன் இடதுபக்கப் பின்வரிசையில் நின்றான் என்றால் ஆட்டம் முடிகிறவரை அந்தப் பக்கத்தை யாரும் கடக்க முடியாது.

பதினாறு வயசில் பெங்களூரில் ஒரு தொழிற்சாலை டீமில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். டெம்பரரி வேலை. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு டாக்டரிடம் வயசைக் கூட்டி எழுதி வாங்கிக் கொடுத்தான். அங்கே ஆடியதைப் பார்த்து ஒரு கல்கத்தா கிளப் அவனைக் கூட்டிப்போனது. எந்தக் கிளப் என்று எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது.

நான் போனபோது அவன் ஒரு பழைய மாடி அறையில் ஆறு பேரோடு இருந்தான். இரண்டு வருஷமாகப் பெரும்பாலும் பெஞ்சுதான். மைதானத்தில் ஆடியதைவிட வெளியே உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டி அவிழ்த்ததுதான் அதிகம் என்று அவனே சொன்னான். ஆனால் அந்த சீசன் வேறு மாதிரி ஆகியிருந்தது. பல வருஷமாக நின்றுபோயிருந்த ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஜெயித்த கிளப் ஒன்று. இந்தியாவிலிருந்து இவன் கிளப். முதலில் பக்கத்து நாடுகளோடு மட்டும் ஒரு சுற்று, அதுவும் வெளிநாட்டில். அதில் ஜெயித்தால் அரபு நாட்டுக் கிளப், கொரியாக் கிளப் என்று மேலே மேலே போகலாம். கிளப்பின் வழக்கமான லெப்ட் பேக்குக்கு முழங்காலில் நீர் கோர்த்திருந்தது. இவன்தான் போக வேண்டும்.

"போய் ஆடிட்டு வந்தா துறைமுக ஆபீஸ்ல வேலைடா. பெர்மனென்ட். செக்ரட்டரி வாயாலயே சொல்லிட்டாரு."

"போகலைன்னா?"

"போகலைன்னா அடுத்த சீசனுக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டாங்க. வேற ஆளு ரெடியா இருக்கான்."

பாஸ்போர்ட் இல்லாதவன் டீமில் அவன் ஒருவன்தான். நிரந்தர விலாசம் எங்கள் ஊர் என்பதால் மெட்ராஸ் ஆபீசுக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். ஊரில் போலீஸ் விசாரிக்கும். பிறந்த தேதிக்கு அத்தாட்சி வேண்டும். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பிறப்பைக் கவர்மெண்டில் பதிந்தவர் யாரும் கிடையாது. எங்களுக்கெல்லாம் கோயிலில் இருக்கிற ஞானஸ்நானப் புத்தகம்தான் அத்தாட்சி. அதிலிருந்து எழுதி, பங்குச் சாமியார் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால் எந்த ஆபீசும் ஏற்றுக்கொள்ளும்.

அவனுக்குப் பயிற்சி முகாமை விட்டு வர முடியாது. கையெழுத்துப் போட்ட பாரத்தையும் போட்டோவையும் என்னிடம் கொடுத்தான். கிளப்பில் இருக்கிற வயசும் இதில் எழுதுகிற வயசும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டும் கிளப்பும் இரண்டும் போய்விடும் என்று நாலு தடவை சொன்னான். நான் சரி என்று ரயிலேறினேன்.

கோயிலில் சாமியார் இல்லை, உபதேசியார் இருந்தார். பூசை இல்லாத நாளில் ஜெபம் சொல்லிவைப்பது, புத்தகங்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவன் பேர், அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் சரியாக இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

"இது இவனில்லப்பா. இவன் அண்ணன். பதினோரு மாசத்துல பேதி கண்டு செத்துட்டான். அந்தப் பேரையே அடுத்தவனுக்கும் வெச்சாங்க."

செத்த பிள்ளையின் பேரை அடுத்து வருகிற பிள்ளைக்கு வைப்பது எங்கள் தெருவில் உண்டு. எனக்கே ஒரு அக்காவின் சட்டை, ஒரு அண்ணனின் சட்டை என்று வந்ததைப் போல, சிலருக்குப் பேரும் வரும். ஆனால் இவனுக்கு முன்னால் ஒருத்தன் இருந்தது எனக்குத் தெரியாது. யாரும் பேசியதில்லை. உபதேசியார் இன்னும் நாலு பக்கம் தள்ளி உண்மையான வரியைக் காட்டினார். இரண்டரை வருஷம் வித்தியாசம். நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணனின் தேதிதான் கிளப்பில் இருக்கிற வயசோடு ஒத்துப்போனது.

"முதல்ல இருக்கிறதையே எழுதிடுங்க" என்றேன்.

"அது செத்த புள்ளைடா."

"செத்தவன் வந்து கேக்கப் போறானா? பேரு ஒண்ணுதானே. அப்பா அம்மா ஒண்ணுதானே. எழுதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சாமியார் கேட்டா?"

"அவரு இந்தப் பங்குக்கு வந்தே ஒரு வருசம் ஆகல. அவருக்கு எந்தப் புள்ளை செத்துச்சுன்னு என்ன தெரியும்?"

உபதேசியார் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு எழுதினார். அவனுக்கு முதன்முதலில் பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். சாமியார் சாயங்காலம் வந்து, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பாரத்தோடு சேர்த்து தர்மபுரி தபாலாபீசில் மெட்ராசுக்கு ரிஜிஸ்டர் செய்தேன்.

அவன் அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவரை நான் பெரிப்பா என்பேன், அவன் அம்மாவைப் பெரிம்மா. வீட்டை ஒட்டிய ராகிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு அந்த வரிசையை வெட்டி முடித்தார்.

"பெரிம்மாகிட்டயும் சொல்லிடட்டுமா? போலீஸ்காரர் வந்து கேட்டா ஒரே மாதிரி சொல்லணும்."

"அவகிட்ட வேண்டாம்" என்றார். "அந்தப் பேச்சை எடுத்தா ரெண்டு நாளைக்கு அடுப்புப் பத்த வைக்க மாட்டா. போலீஸ் வந்தா நான் பேசிக்கிறேன். பொம்பளைகிட்ட எதுக்குக் கேக்கறாங்க?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆண்கள் பேசி முடிக்கிற விஷயம் என்று நினைத்தோம். நான் அன்றைக்கு அடுப்படி வரை நடந்து போய் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தூரம் இருபது அடி.

மூன்று வாரம் ஊரிலேயே இருந்தேன். ஒரே இடத்தில் மூன்று வாரம் இருப்பது எனக்குக் காய்ச்சலில் கிடப்பதைப் போல. பெரிப்பாவோடு களை வெட்டினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராசிலிருந்து ரயிலில் வரும் பேப்பரைப் பார்ப்பேன். இங்கிலீஷ் பேப்பரில்தான் பந்துச் செய்தி வரும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் பாதிதான் பிடிபடும். ஆனால் அவன் பேர் எந்த எழுத்தில் இருந்தாலும் கண்ணில் படும். மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள் இருந்தது. வெளிநாடு போகும் இருபது பேர் பட்டியலில் பதினொன்றாவதாக இருந்தது. கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பேப்பரை வாங்கி, நாலாக மடித்து சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்குக் காரிமங்கலம் சந்தை. பெரிப்பா இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு காலையிலேயே போயிருந்தார். நான் வீட்டு வாசலுக்கு வந்தபோது பெரிம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"இன்னைக்கு ஒருத்தர் வந்தாருப்பா. போலீசாம். ஆனா உடுப்புப் போடல. நல்ல மனுசன். மோர் குடிச்சாரு."

"என்ன கேட்டாரு, பெரிம்மா?"

"பேரு சொல்லி, இவரு உங்க மகனான்னாரு. ஆமாங்கன்னேன். தேதியைப் படிச்சாரு. அந்தோணியார் திருநாளுக்கு மறுநாளாச்சே அதுன்னு எனக்குப் பொட்டுன்னு பட்டுச்சு. சார், அது என் மூத்தவனுங்க, அவனைப் பத்தியா கேக்கறீங்கன்னேன். காயிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதுல எழுதியிருக்கிறவரைப் பத்திதாம்மா கேக்கறேன்னாரு. இத்தனை வருசத்துல ஒருத்தர் அந்தப் புள்ளையைப் பத்திக் கேட்டதில்லப்பா. பெத்தவரே கேட்டதில்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாங்க காட்டறேன்னு கல்லறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வேலியோரம் அந்தச் சின்னக் கல்லு இருக்குதில்ல, அதைக் காட்டினேன். செருப்பைக் கழட்டி விட்டுட்டு நின்னாருப்பா. எந்த வருசம், என்ன சீக்குன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. கவர்மெண்டுல இப்பத்தான் கணக்கெடுக்கிறாங்களாட்டம் இருக்குது." பிறகு கொஞ்சம் தயங்கி, "கல்லு கட்டறதுக்கு ஏதாச்சும் உதவி வருமா?" என்று கேட்டாள்.

தெரியலை பெரிம்மா என்றேன். சட்டைக்குள் இருந்த பேப்பரை எடுக்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் தர்மபுரி போனேன். அந்தப் போலீஸ்காரர் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் கோபப்பட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"சார், அது தப்பா எழுதிட்டாங்க சார். ஆளு உயிரோட இருக்கான். கல்கத்தாவுல பந்து ஆடறான்." பேப்பரை எடுத்துக் காட்டினேன்.

"இருக்கலாம்பா. ஆனா நீங்க கேட்டிருக்கிறது செத்துப்போனவருக்கு. பெத்தவளே சமாதியைக் காட்டினதுக்கப்புறம் நான் என்னத்த எழுத முடியும்?"

"வேற காயிதம் கொண்டாந்து குடுத்தா?"

"குடுங்க. புதுசா விண்ணப்பம் போடுங்க. மறுபடி விசாரணை வரும்." துணியை உதறினார். "இன்னொருத்தர் தேதியில பாஸ்போர்ட் கேட்டதுக்கு நான் கேஸ் எழுதியிருக்கணும். அந்தம்மா முகத்தைப் பாத்துட்டு எழுதல. அதோட விடு."

அறிக்கை அன்றைக்கே தபாலில் போயிருந்தது. டீம் கிளம்ப இன்னும் ஒன்பது நாள். நான் சாமியாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உபதேசியாரைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் உபதேசியார் கோயில் புத்தகங்களைத் தொடவில்லை. ஒரு வருஷம் கழித்து அவரை மலையோரம் ஒரு சின்னக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கப் போன இரண்டு தடவையும் அவர் வேறு பேச்சுப் பேசினார்.

கல்கத்தாவுக்குத் தந்தி கொடுத்தேன். பாஸ்போர்ட் வராது என்று மட்டும். காரணத்தைத் தந்தியில் எழுத எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அவன் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினான். தோளில் ஒரு பை. அதன் வாரில் ஷூ இரண்டும் லேஸ் முடிச்சில் தொங்கின. டீம் போய்விட்டது. முழங்காலில் நீர் கோர்த்தவனையே கட்டுப் போட்டுக் கூட்டிப் போனார்களாம். பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏன் வரல? போலீஸ்ல யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?"

பொய் சொல்ல எனக்குப் பத்து நாளாக நேரம் இருந்தது. எதையும் யோசித்து வைக்கவில்லை. "உங்கம்மா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரி இருந்தது, நான் எந்த வரியைக் கேட்டேன், பெரிப்பா என்ன சொன்னார், அம்மா எந்தச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது வரை. அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்பது அவனுக்கு லேசாகத் தெரியும், அதே பேர் என்று தெரியாது.

"நீ அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொல்லல."

"ஏன்டா?"

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். ஜோலார்பேட்டை பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்து, நின்று, போனது. பிறகு அவன் அந்தக் கேள்வியை விட்டுவிட்டான்.

"இதனாலதான் நான் போகலைன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பெரிப்பாவும் சொல்லல."

"சொல்ல வேண்டாம்."

ஊரில் பஸ் நின்றதும் அவன் எனக்கு முன்னால் இறங்கினான். இடது காலை ஊன்றவில்லை. படியில் ஏதோ தடுக்கிவிட்டது என்று நினைத்துக் கையைப் பிடித்தேன்.

"கால்ல அடி. ட்ரெயினிங்ல பட்டுச்சு. அதான் போகல" என்றான். எனக்கில்லை, பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு. அங்கிருந்து வீடு வரை நொண்டிக்கொண்டே நடந்தான்.

பெரிம்மா விழுந்தடித்துக்கொண்டு வெந்நீர் வைத்தாள். ஆமணக்கு இலையை விளக்கெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் வாட்டி, இடது முழங்காலில் வைத்துக் கட்டினாள். தினமும் காலையும் சாயங்காலமும் கட்டினாள். ஒரு கோணல் இல்லாத, கல்லைப் போன்ற முழங்கால். அதை இரண்டு கையாலும் பிடித்து உருவிவிடுவாள். "இங்க வலிக்குதா கண்ணு?" என்பாள். "ஆமாம்மா" என்பான். "இங்க?" "அங்கயும்." நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அங்கே உட்கார எனக்கு ஆகவில்லை, எழுந்து போகவும் ஆகவில்லை. அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் அவள் அவனிடம், போலீஸ்காரர் வந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். உங்கண்ணனைப் பத்திக் கேட்டாருப்பா என்றாள். அவன் முழுக்கக் கேட்டான். "செருப்பைக் கழட்டினாரா?" என்று ஒரு கேள்வி கேட்டான்.

ஆட்டங்கள் அந்த நாட்களில்தான் நடந்தன. டீக்கடை ரேடியோவில் விளையாட்டுச் செய்தி கடைசியில் வரும், சில நாள் வராமலே போகும். மறுநாளோ அதற்கு மறுநாளோ மொரப்பூரில் பேப்பர் பார்த்து வந்து நான் சொல்வேன். முதல் ஆட்டத்தில் கிளப் ஜெயித்தது. இரண்டாவதிலும் ஜெயித்தது. அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. அது நடிப்பில்லை. "லெப்ட்ல யாரு? அவனேதானா? கட்டோடயா ஆடறான்?" என்று கேட்பான். பேப்பரில் அதெல்லாம் எழுதவில்லை. அந்தச் சுற்றை ஜெயித்து அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அங்கே தோற்றார்கள். அது வந்த நாள் அவன் பேப்பரை வாங்கி, தானே ஒரு தடவை பார்த்துவிட்டு, பெரிம்மாவிடம் இலை சுற்றி வைக்கக் கொடுத்தான்.

மாதா திருவிழாவுக்கு எங்கள் ஏரியில் வருஷா வருஷம் பந்துப் போட்டி உண்டு. கல்கத்தாவில் ஆடுகிறவன் ஊரில் இருக்கிறான் என்று சுற்றுவட்டாரமே வந்தது. அவன் காலில் இலைக்கட்டோடு கரையில் உட்கார்ந்தான். அடுத்த ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை.

"கல்கத்தாவுக்கு ரெண்டு காலோட போனான். வரும்போது ஒண்ணைப் பொட்டியில வெச்சு எடுத்தாந்திருக்கான்" என்றான் ஒருவன்.

"பொட்டியைத் தொறந்து காட்டுங்க மாமா, நாங்களும் பாக்கறோம்" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் இடத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு விழுந்த இரண்டு கோலும் என் பக்கமாகத்தான் போனது. இரண்டாவது கோலின்போது திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்து நின்றிருந்தான், இரண்டு காலையும் நன்றாக ஊன்றி. பெரிம்மா பக்கத்தில்தான் இருந்தாள். உடனே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டான்.

கிளப்பிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. உண்மையான தேதியில் பாஸ்போர்ட்டுக்கு எழுதினால் பழைய வயசு பொய் என்று ஆகிவிடும், பெங்களூர்க் கதவும் மூடிவிடும் என்று பயந்தான். எழுதவில்லை. ஆனால் பெங்களூரிலும் அவன் இடத்தில் ஆள் எடுத்திருந்தார்கள். ஒரு மாசம் என்றது மூன்று மாசமாக இழுத்து, மழை விட்டு, வண்டி கிளம்புகிறது என்று முதலாளி ஆள் அனுப்பியபோது, "ரிக்ல ஆள் வேணுமாடா?" என்று கேட்டான். என்னோடு வந்தான். குழாய் மாட்டுகிற வேலை. இடது கால்தான் அதற்கும் முக்கியம். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு குழாய் முடுக்கும் சாவியைத் திருக வேண்டும். பதினோரு வருஷம் அந்த வேலை பார்த்தான். வண்டி நிற்கிற ஊர்களில் பையன்கள் பந்து ஆடினால் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். என்னோடு சண்டை போட்டதில்லை. ஒரு தடவையாவது போட்டிருக்கலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நொண்ட ஆரம்பிப்பான். வீட்டில் ஆமணக்கு இலை தயாராக இருக்கும். நாலைந்து வருஷம் கழித்து ஒரு தடவை, இரண்டு நாள் லாரியில் வந்த அலுப்பில், அவன் இடதுக்குப் பதில் வலது காலை நொண்டினான். நான் கவனித்துவிட்டேன். அவன் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற பெரிம்மா அவன் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உட்கார வைத்தாள். இலையை வாட்டி எடுத்து வந்து, வேட்டியை ஒதுக்கி, வலது முழங்காலில் வைத்துக் கட்டினாள்.

"இங்க வலிக்குதா கண்ணு?"

அவன் குனிந்து பார்த்தான். கட்டு எந்தக் காலில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவளைப் பார்த்தான். அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றான்.